மூன்று புள்ளிக்குள் எதை வைப்பது?

அன்னூர்ப் பக்கமோ காங்கேயம் பக்கமோ ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய்ப் பாருங்கள். சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதன் முகத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். மூன்று பேஸும் வருகிறதா என்பதை அவை சொல்லும். பக்கத்தில் வோல்ட் மீட்டர், ஆம்ப் மீட்டர். கீழே இரண்டு பொத்தான்கள்: ஓட்டப் பச்சை, நிறுத்தச் சிவப்பு. பெரும்பாலான பெட்டிகளில் பச்சைப் பொத்தான் வளையத்துக்குள் அமுங்கினாற்போல இருக்கும். சிவப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கை தவறிப் பட்டு மோட்டார் ஓடிவிடக் கூடாது. ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் இருட்டில் தடவினாலும் பொத்தான் கிடைத்தாக வேண்டும்.

மூடியைத் திறந்தால்தான் ஓவர்லோடு ரிலே தெரியும். அதில் ஒரு சின்னத் திருகு. எத்தனை ஆம்பியருக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எலக்ட்ரீசியன் அதைத் திருகி வைத்துவிட்டுப் போவார். அடுத்து அதைத் தொடுவது மோட்டாரை மாற்றும்போதுதான். எது முகத்தில் இருக்க வேண்டும், எது மூடிக்குள் போக வேண்டும் என்பதைப் பெட்டி செய்தவர்கள் யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். கைபேசிச் செயலியின் மேல் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் மூன்று புள்ளிகளும் அப்படியொரு மூடிதான். அதற்குள் எதைப் போடுவது என்ற கேள்வி பார்ப்பதற்குச் சின்னது. அதை யோசிக்காமல் முடிவு செய்தால் மோட்டார் எரியும்.

எரியும் என்று சொல்வது மிகையில்லை. கொங்கு நாட்டில் அந்த மூடி இப்போது உண்மையிலேயே மோட்டாரோடு இணைந்துவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் விற்கும் பம்புசெட்டுகளில் ஏறக்குறைய பாதி கோவையில் செய்தவை என்பது தொழில் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்தப் பம்புசெட்டுகளோடு இப்போது மொபைல் ஸ்டார்ட்டரும் சேர்ந்துவிட்டது. சிம் கார்டு போட்ட ஒரு சர்க்யூட் போர்டு, பழைய ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைந்திருக்கும். தொடக்கத்தில் வந்தவற்றுக்குப் போன் போட்டு ஓட்ட ஓர் எண்ணையும் நிறுத்த ஓர் எண்ணையும் அமுக்குவார்கள். பிறகு செயலிகள் வந்தன. மும்முனை மின்சாரத்தை முறை வைத்து விடும் ஊர்களில், நடு ராத்திரி கரண்ட் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு நடக்கும் வேலையை இது மிச்சப்படுத்தியது. பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து நடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சாளையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இப்படிப்பட்ட செயலி ஒன்றை நாமே வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன வேண்டும்? மோட்டாரை ஓட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். வோல்டேஜும் ஆம்ப்ஸும் தெரிய வேண்டும். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ முறை வேண்டும். ஊற்று கம்மியான போர்வெல்லுக்கு இத்தனை நிமிடம் ஓடி இத்தனை நிமிடம் நிற்கும் சைக்ளிக் டைமர் வேண்டும். நேரம் குறித்து வைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் ட்ரை ரன் அளவைத் திருத்த வேண்டும். இரண்டு பேஸில் ஓட்டும் ஏற்பாடு வேண்டும். மகனின் எண்ணையோ பண்ணையாளின் எண்ணையோ சேர்க்க, நீக்க வேண்டும். நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவு, சிம் ரீசார்ஜ், மொழி, உதவி. எண்ணிப் பார்த்தால் பதினைந்து. கைபேசித் திரையின் அகலமோ நான்கு விரல் தடிமன்தான்.

ஒரு விரல் நுனி தவறாமல் தொட எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குக் கூகுள் வைத்திருக்கும் அளவு 48 டிபி. டிபி என்பது திரை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் அலகு. 48 டிபி திரையில் சுமார் 9 மில்லிமீட்டர் வரும். ஆப்பிள் தன் அலகில் 44 புள்ளி என்கிறது. சாதாரணக் கைபேசி ஒன்றின் அகலம் 360 டிபி. செயலியின் பெயருக்கு இடம் விட்டால் மேல்பட்டையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

ஆண்டிராய்டின் பழைய மெனு முறை இந்த இடத்தை எப்படிப் பங்கு போடுகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அதன் நிரலுக்குள் ஓர் அட்டவணை உண்டு. திரையின் அகலம் 600 டிபிக்கு மேல் என்றால் மேல்பட்டையில் 5 பொத்தான்கள். 500 முதல் 4. 360 முதல் 3. அதற்கும் குறைந்தால் 2. எல்லாப் பொத்தான்களும் இந்தக் கணக்குக்குள் அடங்காவிட்டால், அந்த இடங்களில் ஒன்றை மூன்று புள்ளி எடுத்துக்கொள்ளும். அதாவது சாதாரணக் கைபேசியில் உங்களுக்குக் கிடைப்பவை இரண்டு பொத்தான்களும் மூன்று புள்ளியும். விலை குறைந்த சின்னக் கைபேசியில் ஒரே ஒரு பொத்தான்.

அந்த இடங்களுக்கு யார் போட்டியிடலாம் என்று நிரல் எழுதுபவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறித்து வைக்கிறார். 'நெவர்' என்று குறித்தால் அது எப்போதும் மூடிக்குள்தான். 'ஆல்வேஸ்' என்றால் எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். 'இஃப் ரூம்' என்றால் இடமிருந்தால் வெளியே, இல்லையென்றால் உள்ளே. இடம் கேட்டு நிற்பவை பல இருந்தால், பட்டியலில் முன்னால் எழுதியது முன்னால் உட்காரும். இந்த வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. மொழியை மாற்றும் பொத்தானை முதலில் எழுதி, நேரம் குறிப்பதை இரண்டாவதாக எழுதியவர் தன்னுடைய பெரிய கைபேசியில் இரண்டையும் வெளியே பார்ப்பார். பெருந்துறையில் சின்னக் கைபேசி வைத்திருப்பவருக்கு மொழிப் பொத்தான் வெளியே நிற்கும், நேரப் பொத்தான் உள்ளே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது முகத்தில். தினமும் தேவைப்படுவது மூடிக்குள். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. யாரும் முடிவு செய்யாததுதான் இங்கே குறை.

2021-ல் வந்த ஜெட்பேக் கம்போஸ் என்ற புதிய எழுதும் முறையின் மேல்பட்டையில் இந்தத் தானியங்கிப் பங்கீடு தொடக்கத்தில் இல்லை. மூன்று புள்ளிப் பொத்தானை நீங்களே வைத்து, தொட்டால் விரியும் பட்டியலையும் நீங்களே எழுத வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனாலும் எது உள்ளே, எது வெளியே என்று மனிதர் ஒருவர் ஒருமுறையாவது யோசித்தாக வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? 2008-ல் வந்த முதல் ஆண்டிராய்டு கைபேசியான ஜி1-ல் மெனு என்று தனியாக ஒரு பொத்தான் கைபேசியின் உடம்பிலேயே இருந்தது. அமுக்கினால் திரையின் அடியிலிருந்து ஆறு கட்டங்கள் எழும்பும். ஆறுக்கு மேல் இருந்தால் ஆறாவது கட்டத்தில் 'மோர்' என்று வரும். இதில் பெரிய குறை ஒன்று இருந்தது. இந்தத் திரைக்கு மெனு உண்டா, இல்லையா என்பதைத் திரை சொல்லவே சொல்லாது. ஒவ்வொரு திரையிலும் அமுக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில திரைகளில் ஒன்றுமே நடக்காது. அமுக்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் பிறகு அமுக்குவதையே விட்டுவிட்டார்கள்.

2011 பிப்ரவரியில் டேப்லெட்டுகளுக்காக வந்த ஹனிகோம்ப் பதிப்பு மேல்பட்டையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஐஸ்கிரீம் சாண்ட்விச்சும், அதோடு வந்த கேலக்ஸி நெக்ஸஸ் கைபேசியும் உடம்பிலிருந்த மெனு பொத்தானைக் கைவிட்டன. 2012 ஜனவரியில் கூகுளே, இனி மெனு பொத்தானை நம்பிச் செயலி எழுதாதீர்கள் என்று நிரலாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் பழைய பொத்தான் உடனே போய்விடவில்லை. அதே ஆண்டு வந்த கேலக்ஸி எஸ்3-ல் மெனு பொத்தான் இருந்தது. உடம்பில் பொத்தான் உள்ள கைபேசிகளில் மூன்று புள்ளி தெரியக் கூடாது என்பது அப்போதைய விதி. ஆகவே ஒரே செயலி, ஒரே பதிப்பு, அண்ணன் கைபேசியில் மூன்று புள்ளியோடும் தம்பி கைபேசியில் அது இல்லாமலும் இருந்தது. அண்ணன் சொல்லிக் கொடுப்பது தம்பிக்குப் புரியாது. 2013-ல் வந்த கிட்கேட் பதிப்பில்தான், பொத்தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புள்ளி தெரிய வேண்டும் என்று விதி மாறியது. 2014-ல் கேலக்ஸி எஸ்5-ல் சாம்சங்கும் மெனு பொத்தானை எடுத்துவிட்டது.

பல செயலிகளில் மெனுவுக்கு நிற்கும் மூன்று கோடுகள் வேறு குடும்பம். ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்து 1981-ல் வெளிவந்தவை அவை. இன்றைய செயலிகளில் கோடுகள் பெரும்பாலும் வேறு பகுதிக்குப் போவதற்கு. புள்ளிகள் இப்போது கண்முன் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு. இரண்டையும் ஒரே திரையில் குழப்பி வைக்கும் செயலிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி மனிதக் கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, ஒரு குச்சியால் அவற்றை மாறி மாறித் தொடச் சொல்லி அளந்தார். தகடுகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூடவும், தகட்டின் அகலம் குறையக் குறையவும் தொட ஆகும் நேரம் கூடியது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் எவ்வளவு நேரம் கூடுமோ, அகலத்தைப் பாதியாக்கினாலும் அதே அளவு கூடும். சின்னதாகவும் தூரமாகவும் இருக்கும் ஒன்றைத் தொடுவது இரட்டைத் தண்டனை.

மூன்று புள்ளி நிற்கும் இடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 2013-ல் கைபேசிப் பயன்பாட்டை ஆராயும் ஸ்டீவன் ஹூபர் தெருவிலும் பேருந்திலும் 1,333 பேர் கைபேசியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக் குறித்தார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் மண்வெட்டியோ மாட்டுக் கயிறோ இருப்பவருக்கு வேறு வழியும் கிடையாது. பெரிய கைபேசியை வலக்கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு மிகவும் எட்டாதவை மேல் மூலைகள். அங்கேதான் மூன்று புள்ளி நிற்கிறது. அடிக்கடி செய்யும் வேலை ஒன்றை அதற்குள் போட்டால் ஒவ்வொரு முறையும் விரல் மேலே எட்ட வேண்டும், பட்டியல் விரியக் காத்திருக்க வேண்டும், வாசிக்க வேண்டும், மறுபடி தொட வேண்டும்.

வாசிப்பதற்கு ஆகும் நேரத்தைப் பற்றியும் ஒரு விதி உண்டு. 1952-ல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹிக் பத்து விளக்குகளையும் அவற்றுக்கேற்ற பொத்தான்களையும் வைத்துச் சோதித்தார். எத்தனை விளக்குகளில் ஒன்று எரியக்கூடும் என்பது இரட்டிப்பாக இரட்டிப்பாக, சரியான பொத்தானை அமுக்க ஆகும் நேரம் ஒரே அளவாகத்தான் கூடியது. வடிவமைப்பாளர்கள் பலர் இதை வைத்துக்கொண்டு, பட்டியல் நீளமானாலும் பெரிய கெடுதல் இல்லை என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. எந்த விளக்குக்கு எந்தப் பொத்தான் என்று பழகியவர்களுக்குத்தான் ஹிக்கின் கணக்கு. மூன்று புள்ளிக்குள் இருக்கும் பட்டியலை மாதம் ஒருமுறை திறப்பவர் பழகியவர் இல்லை. அவர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வருவார். பத்து வரி இருந்தால் ஐந்து வரிக்கு ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகும்.

சரி, அடிக்கடி செய்வதை வெளியே வைப்போம், எப்போதாவது செய்வதை உள்ளே வைப்போம் என்று எண்ணத் தோன்றும். இதற்கு மைக்ரோசாஃப்ட் வேர்டு நல்ல உதாரணம். வேர்டு 2003-ல் 1,500-க்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. பயனர்கள் எதை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று அந்நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு ஆகிய ஐந்து மட்டுமே மொத்தத்தில் சுமார் 32 சதவீதம். அதற்கு முன்பே, ஆபீஸ் 2000-ல், இந்த யோசனையை அவர்கள் ஓர் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். ஒருவர் அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானாகவே ஒளித்துவிடும். அம்புக்குறியைத் தொட்டால்தான் எல்லாம் விரியும். கணக்குப்படி அது சரி. ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று காணாமல் போனால், இடத்தை நினைவில் வைத்திருந்த கை தடுமாறும். 2007-ல் அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு, கட்டளைகளை வெளியே பரப்பி வைக்கும் ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்தார்கள். நம் மோட்டார் செயலியிலும் பயன்பாட்டுக்கு ஏற்பத் தானாக இடம் மாறும் மெனு கூடாது. அறுபது வயது விவசாயியின் விரல், பெயரை வாசித்துப் போவதைவிட இடத்தை நினைவு வைத்துத்தான் போகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அரிதாகத் தேவைப்படுவதும் அவசரமில்லாததும் ஒன்றல்ல. ஆட்டோ முறையில் விட்டுவிட்டால் நிறுத்தும் பொத்தானை ஒரு விவசாயி நாள்கணக்கில் தொடாமலேயே இருப்பார். கரண்ட் வந்தால் ஓடும், போனால் நிற்கும். செயலியின் பதிவேட்டை எடுத்துப் பார்க்கும் நிரலாளருக்கு நிறுத்தும் பொத்தான் பட்டியலின் அடியில் தெரியும். உள்ளே தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது தேவைப்படும் நாளில் நிலைமை எப்படி இருக்கும்? மூன்று பேஸில் ஒன்று அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச இரண்டும் மொத்தச் சுமையையும் இழுக்கும், காயில் சூடேறும், பாதுகாப்புக் கருவி வேலை செய்யாவிட்டால் சில நிமிடங்களில் கருகிவிடும். நீர்மூழ்கி மோட்டாரை அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்விக்கிறது. ஊற்று நின்று வெறுமனே ஓடினால் அதன் கதியும் அதேதான். பல நூறு அடி ஆழத்திலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக உருவி, மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டக் கொடுத்து, மறுபடி இறக்க வேண்டும். அதுவரை தென்னைக்குத் தண்ணீர் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் பதறும் கை, மேல் மூலையில் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: எத்தனை முறை தேவைப்படுகிறது, தேவைப்படும்போது தாமதித்தால் என்ன கெடும். ஓட்டுவதும் நிறுத்துவதும் திரையின் நடுவிலேயே பெரிதாக இருக்கட்டும். வோல்டேஜும் ஆம்ப்ஸும் தொடாமலேயே தெரியட்டும். மேல்பட்டையின் இரண்டு இடங்களுக்கு நேரம் குறிப்பதும் ஓடிய பதிவும். ட்ரை ரன் அளவு, எண் சேர்ப்பது, சிம், மொழி, உதவி எல்லாம் மூன்று புள்ளிக்குள் போகலாம். இதில் ட்ரை ரன் அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்தேன். மோட்டாரைக் காப்பாற்றுவதே அந்த அளவுதான். ஆனால் அதைத் தவறாகத் திருத்திவிட்டால் காவலே போய்விடும். ஓவர்லோடு திருகு மூடிக்குள் இருப்பதற்கும் அதுவே காரணம். சில விஷயங்களைச் சட்டென்று கைக்கு எட்டாதபடி வைப்பதும் வடிவமைப்புதான்.

அதே ஃபிட்ஸ், தகடுகளைத் தொடச் சொல்வதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு, 1947-ல், ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து விமானிகள் செய்த 460 தவறுகளை ஆராய்ந்தார். விமானியின் கவனக்குறைவு என்று ஒதுக்கப்பட்டவற்றில் பல, ஒன்றுபோல இருந்த இரண்டு பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வந்தவை. சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கை மடலின் பிடியும் அப்படிக் குழம்பின. மெனுவிலும் இதே வினை வரும். தமிழில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். விரியும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பொதுவாக ஒரே வரிதான். அடங்காவிட்டால் வால் வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. வினைச்சொல்லோ கடைசியில் வருவது. 'பயன்படுத்துவோர் எண்ணைச் சேர்', 'பயன்படுத்துவோர் எண்ணை நீக்கு' என்று அடுத்தடுத்து எழுதினால் சின்னத் திரையில் இரண்டுமே 'பயன்படுத்துவோர் எண்…' என்று நிற்கும். எது சேர்ப்பது, எது நீக்குவது என்று யாருக்கும் தெரியாது. 'புது எண்', 'எண் நீக்கம்' என்று சுருக்கி, இரண்டுக்கும் நடுவே வேறொன்றை வைத்தால் போதும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழைக் கொண்டுவந்து ஊற்றும் பழக்கம் இருக்கும்வரை இந்தக் கோளாறு கண்ணில் படாது.

உள்ளே போட்டதைப் பயனர் கண்டுபிடிப்பாரா என்பது அடுத்த கேள்வி. பயன்பாட்டு ஆய்வு நிறுவனமான நீல்சன் நார்மன் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 179 பேர் கலந்துகொண்டார்கள். கைபேசியில் முழுக்க மறைத்து வைத்த மெனுவை அவர்கள் 57 சதவீதத் தருணங்களில்தான் பயன்படுத்தினார்கள். முக்கியமானவற்றை வெளியே வைத்து மிச்சத்தை மட்டும் மறைத்தபோது அது 86 சதவீதம் ஆனது. கோடுகளும் புள்ளிகளும் பழகிப்போன ஊர்க்காரர்களின் கணக்கு இது. நம் ஊரில் இந்தக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும் பேச்சு இப்படித்தான் போகும்:

"அம்மிச்சி, மேல சோத்தாங்கைப் பக்கம் மூணு புள்ளி இருக்குதுங்களா?"

"புள்ளி ஒண்ணையும் காணம் சாமி. பச்சையா ஒண்ணு, செவப்பா ஒண்ணுதான் இருக்குது."

"அதுக்கும் மேலீங்க. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, பொடிசா இருக்குமுங்க."

"அட, அது தூசின்னு தொடச்சுட்டல்ல இருந்தன்!"

அம்மிச்சியின் கண்ணில் குறை இல்லை. அந்தக் குறியை அளந்து பார்த்தால் தெரியும். 24 டிபி கட்டத்துக்குள் வரையப்படும் ஒவ்வொரு புள்ளியின் விட்டமும் 4 டிபி. கணக்குப்படி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் தொட வேண்டிய இடம் 48 டிபி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் மை அவ்வளவுதான். வெளிர்நிறப் பட்டையில் சாம்பல் நிறத்தில் அதை வைத்தால், சித்திரை வெயிலில் வரப்பில் நிற்பவருக்குத் தூசியாகக்கூடத் தெரியாது. இணைய அணுகல்தன்மைக்கான 2018-ன் பன்னாட்டு நெறிமுறை இப்படிப்பட்ட குறிகளுக்கும் பின்னணிக்கும் குறைந்தது மூன்றுக்கு ஒன்று என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. அதைவிடக் கூடுதலாகவே வைக்கலாம். இடம் இருந்தால் புள்ளிகளோடு 'மேலும்' என்று எழுதியும் வைக்கலாம். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக், ஆண்டிராய்டு தரும் மூன்று புள்ளியைப் பெயர் சொல்லி வாசிக்கும். அழகுக்காகச் சொந்தப் படத்தை வைத்துவிட்டு விவரம் எழுதாமல் விட்டால், பெயரில்லாத பொத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

மூடியே வேண்டாம் என்ற முடிவுக்கும் இடமுண்டு. தமிழ்நாடு அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய உழவன் செயலி ஒன்பது சேவைகளோடு வந்தது. மானியம், பயிர்க் காப்பீடு, உர இருப்பு, விதை இருப்பு, சந்தை நிலவரம், வானிலை என்று வந்தவை பிறகு இருபதைத் தாண்டின. அவற்றைக் கட்டம் கட்டமாகப் படமும் தமிழ்ப் பெயருமாக முகப்பிலேயே பரப்பியிருக்கிறார்கள். வடிவமைப்புக் கல்லூரிகளில் இதை நெரிசல் என்பார்கள். ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை போகிறது என்று எப்போதாவது பார்க்கத் திறப்பவருக்கு அந்த நெரிசலே நல்லது. எதுவும் ஒளிந்திருக்கவில்லை, கொஞ்சம் கீழே தள்ளினால் போதும். தினமும் பல முறை திறந்து, ஒரே வேலையைச் செய்து மூடும் மோட்டார் செயலிக்கு அது பொருந்தாது. எவ்வளவு அடிக்கடி திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

செயலியைத் திறக்காமலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. ட்ரை ரன் ஆகிறது என்று மோட்டார் சொல்லும்போது கைபேசி சட்டைப் பையில் இருக்கும். பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, தொட்டு, அது எழுந்து வரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆண்டிராய்டு 2012-ல் இருந்து அறிவிப்பின் அடியிலேயே பொத்தான் வைக்க விடுகிறது, அதிகபட்சம் மூன்று. அவற்றில் முதலாவது நிறுத்து. இரண்டாவது, ஆம்ப்ஸைக் காட்டும் திரைக்கு நேராகப் போவது. அலாரம் பொய்யாகவும் இருக்கலாம் என்பதால் அது வேண்டும். மூன்றாவதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போடும் பொத்தானை வைப்பேன். சிக்னல் போய் போர்டு பதில் சொல்லாமல் இருந்தால், ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கக் கிணற்றுமேட்டுக்குக் கிட்ட இருப்பவர் அவர்தான்.